சண்டைக்குச் சுரம் எழுதுவது
(கேளம்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திரைப்பாடல்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் அமைப்பாளர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டைக்காட்சியின் பின்னால் ஓடும் இசையைப் பற்றி என்றதும், "ஒரு மணி நேரத்துக்கு அதில் விஷயம் இருக்கிறதா, சார்?" என்று தயங்கித்தான் கேட்டார்கள். வண்டலூர் ரோட்டு நெரிசலைத் தாண்டி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். இருக்கிறது என்று காட்டிவிட வேண்டியதுதான்.

முதலில் சினிமாவை விட்டுவிடுவோம். இந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவை விடிய விடியப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் சிலராவது இருப்பீர்கள். பதினெட்டாம் போர் நாள் கூத்தில் பீமனும் துரியோதனனும் மோதும்போது மிருதங்கக்காரர் எதைப் பார்த்து வாசிக்கிறார்? ஆடுகிறவரின் காலைப் பார்த்து. கதாயுதம் ஓங்கும்போது கை காத்திருக்கும். இறங்கும்போது அடி விழும். முகவீணைக்காரரும் ஆர்மோனியக்காரரும் அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாரும் அவர்களுக்கு ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை அது; ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வந்த பழக்கம்.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். நாதஸ்வரக்காரர் தோடியில் எங்கோ சஞ்சரித்துக்கொண்டிருக்கிறார். ஐயர் விரலை ஆட்டுகிறார், "கெட்டிமேளம்!" அந்த நொடியில் ராகம் அறுந்து, தவில் இரண்டும் முழு வேகத்தில் இறங்குகிறது. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனச் சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக எல்லாச் சத்தத்தையும் மூடும் ஏற்பாடு.

சண்டைக்காட்சிக்கு இசை அமைக்கிறவர்கள் முன்னால் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. கூத்து மிருதங்கக்காரர் மாதிரி அடியைப் பார்த்து இடம் விட்டு வாசிக்கலாம். கெட்டிமேளம் மாதிரி எல்லாவற்றையும் மூடலாம். நம் படங்கள் இப்போது பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகின்றன என்பது என் வருத்தம். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா முதல் வழிக்குத்தான் பிறந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ் சினிமாவில் இது நேற்று வந்த விஷயமில்லை. 1948இல் ஜெமினி ஸ்டூடியோவில் வாசன் எடுத்த 'சந்திரலேகா'வில் முரசு நடனம் எல்லோருக்கும் நினைவிருக்கும். முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்த பிறகு நடக்கும் சண்டையும், எம்.கே.ராதாவும் ரஞ்சனும் மோதும் நீளமான கத்திச் சண்டையும் அன்றைய ரசிகர்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தவை. பாடல்களுக்கு எஸ்.ராஜேஸ்வர ராவும் பின்னணிக்கு எம்.டி.பார்த்தசாரதியும் உழைத்தார்கள். ஸ்டூடியோவே மாதச் சம்பளத்தில் வாத்தியக் கோஷ்டி வைத்திருந்த காலம் அது. அதற்குப் பின் எம்.ஜி.ஆர். கத்திச் சண்டைகள். 1965இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணை பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படம். மெட்டு அவர்களுடையது, அதை வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் பிரித்து எழுத ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். தேவாலயத்திலும் பேண்டு வாத்தியத்திலும் மேற்கத்திய சுரக்குறிப்பு கற்று வந்தவர்கள் இல்லாவிட்டால் மெட்ராஸ் சினிமாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஒன்றே வந்திருக்காது. அந்த வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டி, நியாயமான கூலி வாங்கித் தரப் போராடியவர் எம்.பி.சீனிவாசன். இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கே உறுத்துகிறது; அவருக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்க வேண்டும்.

சரி, பின்னணி இசை வேலை எப்படி நடந்தது? படத்தொழிலில் இதை 'ஆர்.ஆர்.' என்பார்கள், ரீ-ரெக்கார்டிங். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினொரு நிமிஷம் ஓடும். ரீல் ரீலாகத் திரையில் போடுவார்கள். இளையராஜா இந்த வேலையைச் செய்த விதம் பலர் பார்த்துப் பதிவு செய்தது. ரீலை ஒருமுறை பார்ப்பார். பிறகு வாத்தியம் எதையும் தொடாமல், ஐந்து கோட்டுத் தாளில் நேராக எழுதத் தொடங்குவார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற எழுத்து. எழுதி முடித்த தாளிலிருந்து முதல் வயலினுக்கு ஒரு பிரதி, செல்லோவுக்கு ஒரு பிரதி என்று நகல் எடுத்துக் கொடுப்பார்கள். கண்டக்டர் கையை உயர்த்துவார். திரையில் அதே ரீல் மறுபடி ஓடும். அதற்கு நேராக எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரு வயலின்காரர் தடுக்கினாலும் அந்த 'பிட்' முழுவதும் மறுபடி முதலிலிருந்து.

இதில் வியப்பு வேகம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி கணக்கு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அப்படியானால் நிமிஷத்துக்கு 1,440 ஃபிரேம். பன்னிரண்டு ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிஷத்துக்கு 120 தட்டு. பத்து ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 144. சண்டைக்கு 144 நல்ல வேகம். ஓடுகிறவனின் மூச்சு மாதிரி இருக்கும். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி நீளமுள்ள சண்டை என்றால் 384 தட்டு. நான்கு நான்காகப் பிரித்தால் 96 ஆவர்த்தனம். அதாவது இசையமைப்பாளர் முன்னால் 96 காலிக் கட்டங்கள்.

இப்போது கதாநாயகன் ஏழரை நொடியில் வாளை உருவுகிறான். 144 வேகத்தில் அதற்குள் பதினெட்டுத் தட்டு முடிந்திருக்கும். வாள் வெளியே வருவது பத்தொன்பதாவது தட்டில், ஐந்தாவது ஆவர்த்தனத்தின் நடுவில். அங்கே ஃபிரெஞ்சு கொம்பும் டிம்பனியும் சேர்ந்து விழுந்தால் சமத்தில் விழாத மிருதங்கத் தீர்மானம் மாதிரி நொண்டும். என்ன செய்யலாம்? வேகத்தை 128ஆகக் குறைத்தால் ஏழரை நொடியில் சரியாகப் பதினாறு தட்டு. வாள் ஐந்தாம் ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் அழகாக உட்காரும். ஆனால் இருபதாவது நொடியில் குதிரை விழுகிறதே, அது இடம் மாறிவிடும். வேகத்தைத் தொடாமல் நான்காவது ஆவர்த்தனத்தை மட்டும் நான்குக்குப் பதில் ஆறு தட்டாக நீட்டலாம். பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. அடுத்த சமம் வாளுக்கு. குதிரைக்கு முன்னாலும் ஒரு ஆவர்த்தனத்தை இதே மாதிரி நீட்டினால் அதுவும் சமத்தில் விழும். கேட்கிறவருக்கு அந்த இரண்டு தட்டு அதிகம் என்று தெரியாது, ஆனால் 'என்னவோ நடக்கப்போகிறது' என்று வயிற்றில் ஒரு இறுக்கம் வரும். மிஸ்ரமும் கண்டமும் காதில் ஊறிய நம் ஆட்களுக்கு இந்த இடம் விளையாட்டுத் திடல். எல்லா அடிக்கும் இசை அடிக்க வேண்டியதில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். நாற்பது குத்து இருக்கும் சண்டையில் நான்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். மீதி முப்பத்தாறையும் துரத்திக்கொண்டு ஓடும் இசை கார்ட்டூன் படத்துக்குப் பொருந்தும்.

உலகத்தில் படத்துக்கும் இசைக்கும் நடக்கும் இந்தக் கயிறிழுப்பில் எப்போதும் படம்தான் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. 1938இல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி'யில் உறைந்த ஏரியின் மேல் நடக்கும் போர்க்காட்சி இருக்கிறது. புரோகோஃபியெவ் இசை. சில இடங்களில் இசை முதலில் பதிவாகி, படம் அதற்கேற்ப வெட்டப்பட்டது. எதிரிப்படை வரும்போது ஒலிக்கும் ஊதுகருவிகளை மைக்குக்கு மிக அருகில் வைத்து வேண்டுமென்றே கரகரக்க விட்டார் அவர். காதுக்கு இதமில்லாத ஒலி. எதிரிக்கு வேறென்ன ஒலி வேண்டும்? 1982இல் 'ஈ.டி.' படத்தின் கடைசித் துரத்தலுக்கு இசைப்பதிவு செய்தபோது ஜான் வில்லியம்ஸால் படத்தின் நொடிகளோடு ஒட்டி வாசிக்க வைக்க முடியவில்லை. ஸ்பீல்பெர்க் திரையை நிறுத்திவிட்டு, கச்சேரி மாதிரி வாசியுங்கள் என்றார். பிறகு இசைக்கேற்பப் படத்தை வெட்டிக்கொண்டார்.

நம்மிடம் இதற்கு நேர்த் தலைகீழான கதை ஒன்று உண்டு. 2000இல் வந்த 'ஹே ராம்'. வேறொருவர் இசையில் பாடல்கள் படமாக்கப்பட்ட பிறகு அவர் விலக, இளையராஜா உள்ளே வந்தார். எடுத்த காட்சிகளை மாற்றாமல், நடிகர்களின் உதட்டசைவுக்கும் நடைக்கும் பொருந்தப் புதிய பாடல்களை எழுதினார். அந்தப் படத்துக்காகத்தான் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டுக்குப் போய் அங்குள்ள சிம்ஃபனி இசைக்குழுவை வாசிக்க வைத்தார்கள். கல்கத்தாக் கலவரம், பழைய தில்லியின் சோடா ஃபாக்டரியில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை என்று ரத்தம் தெறிக்கும் படம். அதற்கு வாசித்தவர்களுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது, 1946 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாளில் எழுதியிருந்தது மட்டும்தான் தெரியும். எந்த இடத்தில் மெலிவது, எந்த இடத்தில் உப்புவது, வில்லை இழுப்பதா குதிக்கவிடுவதா, எல்லாமே தாளில். எழுத்தின் வலிமை அங்கேதான் தெரிகிறது. எழுதாமல் விட்டது அங்கே ஒலிக்காது.

எழுத முடியாததும் உண்டு. கமகத்தை ஐந்து கோட்டில் பிடிப்பது கடினம். அதனால் தவில், செண்டை, நாதஸ்வரம் எல்லாம் நம் ஊரில், நம் ஆட்களை வைத்துப் பதிவாகும். வெளிநாட்டில் வயலினும் கொம்பும் அதன் மேல் சேரும். 2005இல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இந்த முறையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்.

சண்டைக்காட்சிக்கு என்று ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் நான் 2009இல் வந்த 'பழசிராஜா'வைக் காட்டுவேன். மலையாளப் படம்; தமிழிலும் வந்தது. மம்மூட்டி பழசிராஜா, நம் சரத்குமார் எடச்சேன குங்கன். வயநாட்டுக் காட்டுக்குள் வில்லும் வாளும் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி மறுபக்கம். இளையராஜா எழுத, புடாபெஸ்ட் சிம்ஃபனி இசைக்குழு வாசித்தது. அந்த ஆண்டின் தேசிய விருதில் பின்னணி இசைக்கான பரிசு அவருக்கு. அதே படத்தின் ஒலி வடிவமைப்புக்கு ரசூல் பூக்குட்டிக்கும் தேசிய விருது. இரண்டு விருதும் ஒரே படத்துக்கு வந்ததை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. இசையும் சத்தமும் ஒன்றையொன்று மிதிக்காத படத்தில்தான் இரண்டும் காதில் விழும், நடுவர் காதிலும் சரி.

மிதிப்பது என்றால் என்ன? இரண்டு ஒலி ஒரே சுருதி வட்டாரத்தில் வந்தால் பலமானது மற்றதை விழுங்கிவிடும். வாளும் வாளும் மோதும் சத்தத்தின் கூர்மை மேலே, இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. டிரம்பெட்டின் பளபளப்பும் சிம்பலின் சிதறலும் அதே தெருவில் குடியிருக்கின்றன. ஆகவே வாள் மோதும் நேரத்தில் விவரம் தெரிந்தவர் டிரம்பெட்டை உட்கார வைத்துவிட்டு, செல்லோ, டபுள் பாஸ், டிராம்போன் என்று அடித்தளத்துக்கு இறங்குவார். ஐம்பது குதிரை குளம்படி அதிர ஓடி வந்தால் அடித்தளம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அப்போது இசை வயலினில் ஏறி மேலே நிற்க வேண்டும். நம் படங்களின் புகழ்பெற்ற 'டிஷ்யூம்' இருக்கிறதே, அது நடுவில் உட்கார்ந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனோடு ஒத்துப்போவதுதான் கஷ்டம். அதனால்தான் இசையமைப்பாளரும் ஒலி வடிவமைப்பாளரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசவேண்டும் என்று சொல்வது. நடைமுறையில் இருவரும் கடைசி மிக்ஸிங்கில்தான் சந்திக்கிறார்கள். அங்கே சமாதானம் பேசுகிறவர் மிக்ஸிங் என்ஜினியர், பாவம்.

இனிப் பதிவு அறைக்குள் போவோம். அறுபது பேர் உட்கார்ந்தால் கண்டக்டரிலிருந்து பின்வரிசை டிம்பனி சுமார் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்விடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. பதினைந்து மீட்டருக்கு 44 மில்லி நொடி. படத்தில் ஒரு ஃபிரேமின் நீளம் 42. அதாவது பின்வரிசைக்காரர் முன்வரிசை வயலினைக் காதால் கேட்டு அதோடு சேர்ந்து வாசித்தால் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் பிந்துகிறார். அவர் ஒலி திரும்பி முன்னால் வரும்போது இன்னொரு ஃபிரேம். மெதுவான சோகப் பாட்டில் இது ஒரு மெருகு. 144 வேகச் சண்டையில் இது குழப்பம். அதனால்தான் ஒவ்வொருவர் காதிலும் ஹெட்ஃபோன், அதில் 'டிக் டிக்' என்று கிளிக். ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு மறு காதைப் பக்கத்து வாத்தியத்துக்குத் திறந்து வைப்பார்கள். கிளிக் வெளியே கசிந்தால் மைக் பிடித்துக்கொள்ளும். மெல்லிய இடத்தில் வயலினோடு ஒரு பல்லியும் சேர்ந்து வாசிப்பது மாதிரி கேட்கும்.

மைக்கை எங்கே வைப்பது? கண்டக்டர் தலைக்கு மேலே, டி எழுத்து வடிவத்தில் மூன்று மைக். டெக்கா கம்பெனியின் என்ஜினியர்கள் 1950களில் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அது அறையையும் சேர்த்துக் கேட்கும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் கிட்டத்தில் தனி மைக், தேவைப்பட்டால் உயர்த்திக்கொள்ள. சண்டைக்காட்சி என்றால் இன்னொரு தந்திரமும் உண்டு. தந்தி வாத்தியங்களை முதலில் தனியாகப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, ஊதுகருவிகளைப் பிறகு அதே அறைக்கு வரவழைப்பது. ஒன்றாக வாசித்தால் டிராம்போனின் முழக்கம் வயலின் மைக்குகளுக்குள் எல்லாம் புகுந்துவிடும். நாளைக்கு இயக்குநர், "அந்தக் கொம்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்" என்றால் குறைக்க வழியில்லை. தனித்தனியே இருந்தால் வழி உண்டு. ஆனால் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கி வாசிப்பதில் வரும் வெறி இதில் கொஞ்சம் போய்விடும். எனக்கு ஒன்றாக வாசிப்பதுதான் பிடிக்கும். மிக்ஸிங் செய்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

1986இல் 'புன்னகை மன்னன்' காலத்தில் கணினியும் சீக்வென்ஸரும் நம் ஊருக்குள் வந்தன. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. பாட்டே இல்லாத அதிரடிப் படம் அது. இன்றைக்கு இசையமைப்பாளர் மடிக்கணினியில் முழு ஆர்க்கெஸ்ட்ராவின் மாதிரியை வாசித்து இயக்குநருக்குக் காட்டிவிடுகிறார். இயக்குநர் தலையாட்டிய பிறகு அதைச் சுரத்தாளாக மாற்றுவது ஆர்க்கெஸ்ட்ரேட்டர் வேலை. தாளை மின்னஞ்சலில் புடாபெஸ்ட்டுக்கோ வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேக்கோ அனுப்புகிறார்கள். அங்கே காலை பத்து மணிக்குக் குழு உட்காரும்போது இங்கே கோடையில் மதியம் ஒன்றரை. சாலிகிராமத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, இணையம் வழியே நேரடியாகக் கேட்டு, "முப்பத்திரண்டாவது பாரில் செல்லோ இன்னும் கூர்மையாக" என்று சொல்லலாம். கால்ஷீட் கண்டிப்பானது. மணி அடித்தால் வில்லைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இந்த வசதியில் ஒரு வினை. மாதிரியை வாசிக்கும் கணினிக்கு மூச்சு வாங்காது, கை வலிக்காது. ஆகவே சண்டை தொடங்கின நொடியிலிருந்து முடியும்வரை செல்லோ ஒரே நான்கு சுரத்தை அறுத்துக்கொண்டே இருக்கும், மேலே முரசு மேல் முரசு. படத்தொகுப்பு மேசையில் யாரோ வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்திருப்பார்கள். இயக்குநர் மூன்று மாதம் அதையே கேட்டு அதற்குப் பழகிவிடுவார். புது இசையும் அதன் தம்பியாகத்தான் வந்து சேரும். நாவலூர் மல்டிப்ளெக்ஸில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காது கெட்டுப்போகவில்லை. இன்னொன்று, ஆர்க்கெஸ்ட்ரா பதிவான பிறகும் சண்டையை வெட்டுவார்கள். ஆறு நொடி போய்விடும். இசைத் தொகுப்பாளர் ஆவர்த்தனம் முடியும் இடம் தேடி ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான். நான் சொன்ன வாள், குதிரைக் கணக்கெல்லாம் அதோடு போச்சு.

கடைசியாக, இதெல்லாம் ஏன் வெளிநாட்டில் நடக்க வேண்டும் என்று இளைஞர் ஒருவர் உள்ளே வரும்போதே கேட்டார். எழுதுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபனி அரங்கேறியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். வயலின் வாசிக்க நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ரஹ்மானின் இசைப்பள்ளி வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்து சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கியது. குறைவது இரண்டு: ஆறு ஃபிரெஞ்சு கொம்பும் மூன்று டிராம்போனும் ஒரே நாளில் கிடைக்கும் அளவுக்கு ஊதுகருவிக்காரர்கள், அப்புறம் அறை. கோடம்பாக்கம், வடபழனியில் பெரிய கூடங்கள் பல போய்விட்டன. நிலத்தின் விலை அப்படி.

அறைக்கு ஒரு யோசனை சொல்கிறேன், அதற்காகத்தான் கேளம்பாக்கத்துக்கு வர ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். லண்டனின் ஏர் ஸ்டூடியோ ஒரு பழைய தேவாலயம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் இசையில் பெரும்பகுதி வாட்ஃபோர்டின் நகர மண்டபத்தில் பதிவானது. உயரமான கூரையும் மரத்தளமும் இருந்தால் ஸ்டூடியோ என்று பெயர்ப்பலகை வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையிலும் வண்டலூர் ரோட்டிலும் எத்தனை கல்லூரி! அவற்றில் பலவற்றில் ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் பெரிய அரங்கங்கள். மே மாத விடுமுறையில் ஒரு வாரம் கொடுத்தால் போதும். நாற்காலிகளை அகற்ற வேண்டும், ஏனென்றால் மெத்தை இருக்கை ஒலியைக் குடித்துவிடும். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்க வேண்டும். லாரிப் போக்குவரத்துக்குச் சாலைப் பக்கத்து ஜன்னல்களை அடைக்க வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது மேலே பறந்தால் டேக்கை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஏசி ஓடும்போது மைக் திறக்க முடியாது. டேக்குக்கு டேக் அணைத்துப் போட வேண்டும், மே மாதத்தில், அறுபது பேரும் கோட்டு இல்லாமல், பனியனோடு வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த ஊர்க் கல்லூரி நிர்வாகிகள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். அரங்கத்தின் நீள அகலத்தோடு கூரை உயரத்தையும் அளந்து சொல்லுங்கள்.